உடலா, வில்லையா?

இலக்கமுறைக் கமராவின் உடற்பகுதியை இவ்வாண்டு வாங்கியவனுக்கு, அடுத்த ஆண்டே அது முதுமை எய்திவிட்டதாகத் தோன்றும். விளம்பரங்கள் அவ்வாறு தோன்றச் செய்யும். வில்லையோ அத்துணை விரைவில் மூப்படைவதில்லை. இவ்விரண்டுள் எதற்குப் பணத்தைச் செலவிடுவது என்பது செல்வர்க்கு வினாவே அன்று. ஈராண்டு மிச்சம் பிடித்த பணத்தோடு கடைவாயிலில் நிற்கும் இளைஞனுக்கே அது வினா. ஒன்றை வாங்கினால், மற்றதற்கு இன்னும் ஈராண்டு காத்திருத்தல் வேண்டும்.

அவன் நாடக மேடைகளைப் படம் பிடிப்பவன் என்று கொள்க. அவனிடம் உள்ளவை பழைய உடற்பகுதி ஒன்றும், அதனோடு சேர்த்து விற்கப்பட்ட 18-55 மில்லிமீற்றர் வில்லையுமே. அவ்வில்லையை 55 மில்லிமீற்றருக்கு நீட்டும்போது அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் விரியாது. மேடையிலோ மங்கிய ஒளி. நடிகன் கையை வீசினால் படத்திற் கை புகையாகிறது. வேகத்தைக் கூட்டினாற் படம் இருளடைகிறது. ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தினால் முகமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள். புதிய உடற்பகுதி இப்புள்ளிகளை ஓரளவு குறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆயினும் எஃப் 1.8 வரை விரியும் 50 மில்லிமீற்றர் வில்லையொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. (5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை வர்க்கித்துப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.) ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுத்த காட்சியை, வேகம் குறையாமல், 640 அளவில் எடுத்துவிடலாம். கனன் நிறுவனத்தின் மிக மலிவான வில்லைகளுள் இவ்வகையும் ஒன்றென்பது கவனிக்கத்தக்கது. குறையும் உண்டு: அருகில் நின்று எடுப்பின் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும்.

உடற்பகுதியில் இட்ட பணம் கரையும் விதத்தையும் நோக்குதல் தகும். 1999இல் வெளிவந்த நிக்கொன் டி1, 2.7 மெகாபிக்சல் கொண்டது. விலை ஏறத்தாழ 5,500 டொலர். 2003இல் கனன் 300டி 6.3 மெகாபிக்சலுடன் 1,000 டொலருக்கும் குறைந்த விலையில் வந்தது. இடையிற் சென்றவை நான்கே ஆண்டுகள்.

இதனால் வில்லை அழியாச் சொத்து என்று கருதிவிடலாகாது. வில்லைக்கு ‘முதலீடு’ என்று பெயரிடுவது சற்று மிகையே. அதன் ஆயுள், அது பொருந்தும் வாயின் ஆயுளைப் பொறுத்தது. நிக்கொன் 1959இல் அமைத்த வாயைப் பல பத்தாண்டுகள் பேணியது. கனனோ 1987இல் தன் பழைய வாயைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியது. பேணியவரிடமும் இடர் உண்டு. 2006இல் வந்த நிக்கொன் டி40இன் உடலில் குவிய மோட்டர் இல்லாமையால், தமக்கென மோட்டர் இல்லாத வில்லைகளைக் கையாலேயே குவிக்க வேண்டியதாயிற்று. 2018இல் இரு நிறுவனங்களும் ஆடியற்ற கமராக்களுக்கெனப் புதிய வாய்களை அமைத்தன. பழைய வில்லைகள் இணைப்பு வளையத்தின் துணையோடு அவற்றிற் பொருந்துகின்றன. ஆகவே முதல் உடற்பகுதியை வாங்குபவன், தான் அறியாமலே ஒரு வில்லைக் குடும்பத்தையும் தெரிந்துகொள்கிறான்.

நாடகம் பிடிக்கும் இளைஞன் கடைக்குட் புகுமுன் தன் பழைய படங்களில் நூறை எடுத்துப் பார்க்கலாம். அசைவினால் மங்கியவையும் புள்ளி விழுந்தவையும் மிகுதியாயின், பணம் வில்லைக்குரியது. ஒளி போதிய காட்சிகளிலும் குவியம் நடிகனை விட்டுப் பின்திரையிற் படிந்தவையே மிகுதியாயின், உடற்பகுதியை மாற்றுவதே முறை.