பேசும் கைகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே புதுமண்டபம் உள்ளது. திருமலை நாயக்கர் (ஆட்சி: 1623–1659) கட்டிய அம்மண்டபத்தில், என் சிறுவயதில் தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்து துணி தைப்பார்கள். அவர்களுள் என் தந்தையும் ஒருவர்.

பள்ளி விட்டதும் அவரருகே அமர்ந்து, தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திருமலை நாயக்கரும் அங்கே கைகூப்பியே நிற்கிறார். “அரசர் என்றால் வாளை ஓங்கி நிற்க வேண்டாமா, அப்பா?” என்று ஒருநாள் கேட்டேன். தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: “ஊருக்குத்தானப்பா அவர் அரசர். இங்கே அவரும் சாமி கும்பிட வந்தவர்.”

இப்போது நான் தில்லியில் தமிழாசிரியன். சென்ற ஆண்டு மாணவர்களைத் தேசிய அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். முகலாயர் கால ஓவியங்களின் முன் நின்ற மாணவி ஒருத்தி, “பேரரசர் ஏன் கையில் பூ வைத்திருக்கிறார், ஐயா?” என்று கேட்டாள்.

அவ்வகை உருவப்படங்களில் கைகளுக்கும் பொருள் உண்டு. கையிலுள்ள பூ, மன்னரின் அழகுணர்ச்சியைக் காட்டும். கைமேல் அமர்ந்த வல்லூறு, அரசர்க்குரிய வேட்டையைக் குறிக்கும். அவையோர் கைகளைக் கோத்து நிற்பது பணிவின் அடையாளம். ஒருவர் உலகிற்குத் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பதை அவருடைய கைகளே கூறிவிடும். இதை விளக்கும்போது, அப்பாவின் விடை என் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு, வீட்டுச் சுவரில் இருந்த அவருடைய படத்தை நெடுநேரம் பார்த்தேன். அவர் மறைந்தபோது மாலையிடத் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. திருமணக் கூட்டப்படம் ஒன்றிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். முகம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், ஊசி பட்டுக் காய்த்த விரல்களும், தைத்த துணியை நீவிவிடும் உள்ளங்கையும் அதில் இல்லை. என்னைப் படிக்க வைத்தவை அந்தக் கைகள்தாம். மன்னரின் கைகளைச் சிற்பி கல்லில் காத்து வைத்தான். என் தந்தையின் கைகளை நான் காக்கத் தவறிவிட்டேன்.

மாணவர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாத்தா பாட்டியைப் படம் எடுப்பீர்கள். முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஏர் பிடித்த கையோ, பூத்தொடுத்த கையோ, அதுவும் படத்தில் இருக்கட்டும். அக்கைகள் செய்த வேலைகளைக் கேட்டறிந்து, படத்தின் பின்புறம் தமிழில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.