ஊதாச் சட்டைக்காரர்களின் ஊரில்

ஹிரோஷிமாவில் அந்தச் சனிக்கிழமை ட்ராம் முழுக்க ஊதாச் சட்டைகள். சான்ஃப்ரெச்சே கால்பந்து அணிக்கு உள்ளூரில் ஆட்டம். அணுகுண்டுக்குத் தப்பி எலும்புக்கூடாக நிற்கும் அந்தக் கட்டடத்திலிருந்து பொடிநடைத் தூரத்தில், 2024-ல் திறந்த புது அரங்கம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அணியின் முன்னாள் பயிற்சியாளர் மொரியாசு பற்றிக் கேட்டேன். மூன்று விரல்களைக் காட்டினார். 2012, 2013, 2015: ஹிரோஷிமாவின் மூன்று ஜே லீக் பட்டங்களும் அவர் பயிற்சியில் வந்தவை.

ஹஜிமே மொரியாசு வளர்ந்தது நாகசாகியில். பள்ளி முடித்து, 1987-ல் இங்கே மஸ்தா நிறுவன அணிக்கு ஆட வந்தார். குண்டு விழுந்த இரண்டு ஊர்களுக்குமே அவர் மேல் உரிமை உண்டு.

ஆடிய காலத்தில் அவர் நட்சத்திரமே இல்லை. நடுக்களத்தில் எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்து அருகில் நிற்பவருக்குத் தள்ளிவிடும் வேலை. கைதட்டல், பந்தை வாங்கிக்கொண்டவருக்குப் போகும். 1993 அக்டோபரில், தோஹாவில், ஈராக் கடைசி நேரத்தில் கோல் போட்டு 2-2 என்று சமன் செய்ய, ஜப்பானின் முதல் உலகக் கோப்பை வாய்ப்பு கைநழுவியது. அன்று களத்தில் அவரும் இருந்தார்.

தேசிய அணியின் பயிற்சியாளராகி, 2021-ல் சவூதியிடம் தோற்றபோது ‘ஆளை மாற்று’ என்ற கூச்சல் நாடெங்கும் கேட்டது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில், அதே தோஹாவில் ஜெர்மனியை 2-1 என வீழ்த்தினார். இரண்டு கோலுமே மாற்று வீரர்கள் போட்டவை. ஒருவர் அசானோ, ஹிரோஷிமாவில் மொரியாசுவின் கீழ் ஆடிப் பழகியவர். பிறகு ஸ்பெயினும் அதே 2-1. குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்ற இரவில், ரசிகர்கள் பக்கம் திரும்பி இடுப்பு மடிய வணங்கி நின்றார். அந்தப் படம் உலகைச் சுற்றியது. என்னைக் கேட்டால், ஜெர்மனி வெற்றியைவிட அந்த வணக்கம்தான் அவரை வீட்டுப் பிள்ளையாக்கியது.

மாலையில் ஒகோனோமியாகிக் கடைக்குப் போனேன். கொதிக்கும் இரும்புத் தட்டில் மாவை மெல்லிசாகத் தேய்த்து, அதன்மேல் முட்டைகோஸை மலையாகக் குவித்து, நூடுல்ஸ் சேர்த்துக் கவிழ்த்தார் கடைக்காரர். மொரியாசு பெயரைச் சொன்னதும் கரண்டி நின்றது. கைப்பேசி மொழிபெயர்த்தது: “கோஸ்டா ரிகாவோடு ஐந்து பேரை ஏன் மாற்றினார்?” ஜெர்மனியை வென்ற அணியில் ஐந்து பேரை மாற்றி இறக்கி, 0-1 எனத் தோற்ற அந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறார். மூன்று வருடக் கோபம்.

பக்கத்து இருக்கைக்காரர் விடவில்லை. 2025 அக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலை 3-2 என்று வென்றது யார் என்று கேட்டார். அது நட்பு ஆட்டம்தானே என்றார் கடைக்காரர். இருவரும் என்னை மறந்து வாதாடத் தொடங்க, என் தட்டை நானே இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.