பூனைக்கு மண் வேண்டும்

சேலத்துத் தெருக்களில் முற்றமெல்லாம் சிமெண்டுத் தளமாகி வருவதால், பூனைக்குத் தோண்டி மூட மண் இல்லை. அது அரிசிச் சாக்கின்மேல் சிறுநீர் கழித்தால், திமிர் என்று துடைப்பத்தைத் தூக்குவோர் பலர். பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்த அதற்குப் பொலபொலத்த மணலே இயல்பான இடம். அமெரிக்காவிலும் முன்னர்ச் சாம்பலும் மணலுமே வைத்தனர். 1947இல்தான் எட்வர்டு லோ என்பவர் உலர்ந்த களிமண்ணை விற்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் இரு பூனைகள். ஆகவே, சோற்றுத் தட்டுக்கு அப்பால் மூன்று மணல் தட்டுகள் வைத்துள்ளோம். நாள்தோறும் அள்ளுகிறோம். கருவுற்ற மருமகளை அப்பணிக்கு விடுவதில்லை. பூனை மலத்திலுள்ள கிருமி கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும். கறைபட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துகிறோம். பினாயில் வேண்டா, பூனை தன் பாதத்தை நக்கும், அந்நஞ்சை முறிக்கும் வலிமை அதன் ஈரலுக்குக் குறைவு.

இவ்வளவு இருந்தும், சென்ற ஐப்பசியில் கடுவன் மூலைமூலையாய்க் குந்தி முக்கிற்று. ஒரு சொட்டும் வரவில்லை. மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடுங்கள் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கூடையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் விரைந்தோம். சிறுநீர்த் தாரை அடைத்திருந்தது. இன்னும் ஒரு நாள் கடந்திருந்தால் பிழைத்திராது என்றார். மெல்லிய குழாய் செலுத்தி வடித்தார்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. அது கோழிப் பண்ணைகளுக்கு மட்டுமே என்று எண்ணிப் பூனையை வீட்டில் கிடத்தியிருக்க வேண்டா.