அரிசி அளந்தவர்

மென்பொருள் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். நான் எழுதிய நிரலைப் பிறர் படித்துக் குறை சொல்வது எனக்குப் பழகிய விஷயம். வரிக்கு வரி குறிப்பு வரும், திருத்துவேன், அடுத்த வேலையைப் பார்ப்பேன். சென்ற இதழில் நான் எழுதிய அனிமே விமர்சனத்துக்கு வந்த எதிர்வினைகளையும் அப்படித்தான் முடிக்கலாம் என்று நினைத்தேன். மூன்று வந்தன. இரண்டைத் திருத்த முடிந்தது.

படம், இசாவோ தகஹாதா 1988இல் இயக்கிய 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்'. மின்மினிகளின் கல்லறை. 1945இல் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன. தாய் இறந்துபோகிறாள். தகப்பன் கடற்படையில். பதினாலு வயது செய்தா, நாலு வயதுத் தங்கை செட்சுகோவை முதுகில் சுமந்துகொண்டு தூரத்து உறவான அத்தை வீட்டுக்குப் போகிறான். தாயின் கிமோனோக்களை விற்று வாங்கிய அரிசி தீரத்தீர, அத்தையின் பேச்சு மாறுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு, சும்மா இருக்கிறவர்களுக்குக் கஞ்சி. கடைசியில் தனியாகச் சமைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். செய்தா தங்கையோடு வெளியேறி, குளத்தங்கரையில் கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழியில் குடியேறுகிறான். இருவருமே பிழைப்பதில்லை.

முதல் எதிர்வினை சிட்னியில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவியிடமிருந்து. என் கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படித்ததாகச் சொன்னாள். அத்தை வீடு கோபேயில் இல்லை, பக்கத்து ஊரான நிஷினோமியாவில். என் தவறு, திருத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஒரு தாயிடமிருந்து. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று நான் எழுதியதை நம்பி ஏழு வயது மகனோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு இரவு பிள்ளை தூங்கவில்லை. ஜப்பானில் இந்தப் படத்தையும் 'டோட்டோரோ'வையும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் வெளியிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "அவங்களும் உங்களை மாதிரிதான் யோசிச்சிருக்காங்க" என்றார். அதுவும் என் தவறுதான்.

மூன்றாவது ஒரு கடிதம். மெல்பர்னில் இருக்கும் ஈழத்து அம்மா ஒருவர், இரண்டு பக்கம் கையால் எழுதி ஆசிரியர் மூலம் அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

என் விமர்சனத்தின் மையமே அத்தைக்கான வக்காலத்துதான். பலரும் அவளைக் கொடுமைக்காரி என்கிறார்கள், அவள் நடைமுறை தெரிந்த பெண், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தேன். தாய் வங்கியில் விட்டுப்போன ஏழாயிரம் யென் இருந்தது, வேலை தேடியிருக்கலாம், விவசாயி ஒருவர் அந்த வீட்டுக்கே திரும்பிப் போ என்று புத்தி சொன்னபோதாவது போயிருக்கலாம். தங்கையைக் கொன்றது குண்டு அல்ல, அண்ணனின் வீம்பு என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கடிதம் இப்படி இருந்தது. "தம்பி, நான் மீசாலைக்காரி. 95ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த நேரம் எங்கட வீட்டில முப்பது பேருக்கு மேல இருந்தவை. அரிசி அளந்தது நான். அதுக்குள்ள ஒரு பெடியன், அம்மம்மாவோட வந்தவன். நாள் முழுக்க மாமரத்துக்குக் கீழ படுத்துக் கிடப்பான். 'தண்ணி அள்ளித் தந்தா என்ன, கை தேஞ்சு போமோ' எண்டு ஒருநாள் எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டன். அடுத்த நாள் விடிய அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிட்டான். எங்க போனவை எண்டு இண்டைக்கும் தெரியாது. அந்த மாமியில பிழை இல்லை எண்டு நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு ஆறுதலா இருந்திருக்க வேணும். இருக்கேல்லை. எனக்காக நீங்கள் கதைக்கத் தேவையில்லை."

இந்தக் குறிப்பை எங்கே திருத்துவது?

கடிதத்துக்குப் பிறகுதான் தகஹாதாவைப் பற்றித் தேடிப் படித்தேன். விமர்சனம் எழுதுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் எரிந்தபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவன், தெருவில் ஓடித் தப்பியவர். படம் வெளிவந்த ஆண்டிலேயே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: இன்றைய பார்வையாளர்கள் செய்தாவின் பக்கம் நிற்கிறார்கள். காலம் மாறினால், அத்தையைவிடக் கடுமையாக அவனைக் குற்றம் சொல்கிறவர்கள் பெருகலாம். அதை நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்று. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, மெல்பர்னில் சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாக்காவும் பதினாலு வயதில் தங்கையைப் பட்டினிக்குக் கொடுத்தவர். அவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. செய்தா அளவுக்குக்கூட நான் அன்பாக இருக்கவில்லை, அவள் பங்கையும் நானே தின்றேன் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். தன்மேல் தீர்ப்பு எழுத அவருக்கு உரிமை இருந்தது. எனக்கு அந்த அவசரம் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து என்று தெரியும். எழுதும்போது மட்டும் தெரியாததுபோல் இருந்தேன்.

2020 ஏப்ரலில் என் ஊர் நண்பனின் தம்பி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். முதுகலை மாணவன். பகுதி நேரமாக வேலை செய்த உணவகம் மூடிவிட்டது. ஜாப்கீப்பர் உதவித்தொகை அவனைப் போன்ற மாணவர் விசாக்காரர்களுக்குக் கிடையாது. செலவுக்கு வழியில்லாதவர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று பிரதமரே சொல்லிவிட்டார். திரும்ப விமானமும் இல்லை. ஜூலையில் மெல்பர்ன் இரண்டாம் முறையாக அடைக்கப்பட்டு, 112 நாள் நீண்டது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, இரவில் ஊரடங்கு. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மீட்டிங் பேசுவேன். அவன் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டான்.

ஒருநாள் சொன்னேன்: "காலையில எழுந்து பாத்திரமாவது கழுவி வைக்கலாமே தம்பி. இங்க எல்லாரும் உழைக்கிறோம்ல."

குரலை உயர்த்தவில்லை. அவனும் பதில் பேசவில்லை. பத்து நாளில் கிளேட்டன் பக்கம் ஆறு பேர் தங்கியிருந்த ஒரு வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது அடுக்களை மேடையில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்றை வைத்துவிட்டுப் போனான். மனைவி அதைக் காட்டியபோது, "வீம்பைப் பாரு" என்றேன். விமர்சனத்தின் கடைசி வரிக்கும் அந்தச் சொல்தான் வந்திருக்கிறது.

மீசாலை அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தடுத்துவிட்டார். "நீங்கள் எனக்கு ஒண்டும் செய்யேல்லைத் தம்பி" என்றார். முப்பது பேருக்கு எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் சொன்னார். தேங்காய், விறகு, கிணற்றடி வரிசை எல்லாம் வந்தது. மாமரம் மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிரிஸ்பேனுக்கு அழைத்தேன். நண்பனின் தம்பி இப்போது அங்கே பொறியாளர், ஒரு குழந்தைக்கு அப்பா. அந்த வருடம் நான் பேசியது சரியில்லை என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் அண்ணா" என்று சிரித்தான். குழந்தையைப் பற்றிப் பேசினோம், வீட்டு வட்டி விகிதம் பற்றிப் பேசினோம். வைக்கப்போகும் நேரத்தில் கேட்டான்:

"அண்ணா, அந்த அரிசியைச் சமைச்சீங்களா?"

"சமைச்சோம்" என்றேன்.

"சரி" என்றான்.