சிறகுள்ள குதிரையும் என் அவசரத் தீர்ப்பும்



மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம். காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. என் பதின்மூன்று வயது மகன், படகுத் தொழிலாளி ஒருவரின் பிள்ளையுடன் அமர்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தான். பூதங்களும் வாள்வீரர்களும் கொண்ட இரு படைகள், நடுவே பகடைகள். ‘வார்ஹேமர்’ வகையைச் சேர்ந்த மேசைப் போர் விளையாட்டாம். கடைப் பொம்மைகளின் விலை கட்டுப்படியாகாததால், ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ நிறுவனம் இலவசமாகத் தரும் விதிகளைக் கொண்டு அட்டையிலேயே படை திரட்டியிருந்தார்கள்.

“ஹராம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மதரஸாவுக்குப் புறப்பட்டேன். மகன் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து, “அத்தா, அதில் எது ஹராம்? பொம்மையா, சண்டையா, பகடையா?” என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஆராயாமல் ஹலால், ஹராம் என்று நாவால் சொல்வதை நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கண்டிக்கிறது என ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான்.

கிதாபுகளைத் திறந்தேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துணிச்சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று வினவிய நபி (ஸல்) அவர்களிடம், சுலைமான் நபியின் குதிரைகளை அன்னையவர்கள் நினைவூட்டினார்கள். நபியவர்கள் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சிந்தனையால் ஆடும் சதுரங்கத்தை இமாம் நவவி (ரஹ்) மக்ரூஹ் என்கிறார். பிற மத்ஹபு அறிஞர் பலர் அதனினும் கடுமையாகத் தடுத்துள்ளனர். ஆனால் பகடை உருட்டும் நர்து ஆட்டத்தை, முஸ்லிம் தொகுப்பிலுள்ள நபிமொழியே வன்மையாகக் கண்டிக்கிறது. மகன் கேட்ட மூன்றில் என் மனம் பகடையிடமே தயங்கி நின்றது.

பகடையின்றிப் போர் நடக்குமா? ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலில், வில்விசைப் பீரங்கியால் சுட்டே பொம்மை வீரர்களை வீழ்த்துகிறார்கள். எங்களிடம் பீரங்கி இல்லை. கேரம் ஸ்ட்ரைக்கர் இருந்தது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பிள்ளையல்லவா? விரல் திறன் இம்மண்ணுக்குப் புதிதன்று.

இவ்வாறு தொடங்கினோம். ஆளுக்கு எட்டு அட்டை வீரர்கள். முகத்தில் கண், வாய் எழுதவில்லை. குதிரைக்கு என் மனைவி துணியில் சிறகு தைத்துக் கொடுத்தாள். தையல் நாடாவால் அளந்து, முறைக்கு ஒரு வீரனை ஆறு அங்குலம் நகர்த்த வேண்டும். நகர்ந்த இடத்திலிருந்து ஒருமுறை ஸ்ட்ரைக்கரைச் சுண்டலாம். விழுந்தவன் களம் நீங்குவான். நான்கு சுற்று முடிவில் நடுக்குன்றின் அருகே அதிக வீரர்களை நிறுத்தியவர் வென்றவர். பந்தயம் இல்லை; பாங்கு ஒலித்தால் ஆட்டம் நிற்கும்.

இது ஃபத்வா அன்று. ஐயமுள்ளோர் தத்தம் ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்திற்கு முன், ஆராயாமல் சொன்ன சொல்லுக்காக மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்து சிரித்தான். பிறகு என் படையை மூன்றே சுற்றில் முடித்துவிட்டான்.

பிள்ளைகளின் கேள்விக்குப் பொறுமையுடன் விடை தேடும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.