அந்த ரப்பர் கப்பை மாட்டியது நான்

ஏற்காடு மலைப்பாதையில் என் காரின் பிரேக் போனது. சாலையோரம் நின்றிருந்த ஒருவரின் கால் முறிந்தது. மெக்கானிக் ஒழுங்காக வேலை பார்க்காததால்தான் அப்படி ஆனது என்று சேலத்தில் பழைய கார் வைத்திருக்கும் பலர் இன்றும் நம்புகிறார்கள். அது பொய். ஒரே ஒரு வார்த்தையில் நான் அதைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

என்னுடையது ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. இதே கார்தான் பிறகு பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974இல் பத்மினி என்று பெயர் பெற்றது. 1089 சி.சி. எஞ்சின். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பில்தான் பிரேக் ஆயில் அழுத்தம் போகும். இன்றைய கார்களில் அந்த வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். என் காரில் அந்த வசதி கிடையாது. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தக் காரை நான் உயிராக நேசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்துவைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளி பார்த்து, கார்பரேட்டரைச் சரிசெய்து, எஞ்சின் சீராக ஓடும் சத்தத்தைக் கேட்டபடி நிற்பேன். குளிர்காலத்தில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் வரும் அந்தப் பெட்ரோல் வாசனைகூட எனக்குப் பிடிக்கும். இதில் தவறில்லை. தவறு இதனோடு சேர்ந்து வளர்ந்தது. என் காரில் எல்லாம் ஒரிஜினல் என்ற பெருமை அது.

சென்னை புதுப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் பழைய கடைகளில் உட்கார்ந்து, மூட்டைகளைக் கிளறி, கம்பெனி பெட்டியோடு பிரிக்காமல் கிடக்கும் சாமான்களை வாங்கி வருவேன். பெட்டியின் நிறம் மங்கியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வீட்டில் அதற்கென்றே ஓர் இரும்பு அலமாரி வைத்திருந்தேன். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவேன். அதே பாகத்தைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் உண்டு. அதை மாட்டியிருப்பவர்களை மனதுக்குள் மட்டமாக நினைப்பேன். சில நேரம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

பிரேக் லைனிங் மாற்ற வண்டியை வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். பழைய ஃபியட்டும் அம்பாசிடரும் பார்த்தே கை தேர்ந்தவர். டிரம்மைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் லேசாக ஈரம். உள்ளே இருக்கும் ரப்பர் கப்பை மாற்ற வேண்டும் என்றார். புது கிட் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம், பெரிய செலவில்லை என்றார். ஒரிஜினல் கிட் என்னிடமே இருக்கிறது என்றேன். எத்தனை வருஷத்துச் சரக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"டப்பாக்குள்ள இருந்தாலும் ரப்பருக்கு வயசாகுமுங்க சார். கட்டிப்போன ரப்பர் ஆயிலப் பிடிக்காது. புதுசு போட்டுக்கலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் அலமாரியைக் குறை சொன்ன கோபம். லைனிங்கை மட்டும் மாட்டிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். இந்த ஈரத்தோடு வண்டியை எடுக்க வேண்டாம் என்றார். வீடு பக்கம்தான் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன். பில்லில் லைனிங் வேலை மட்டும் இருந்தது. இந்தப் பில் பிறகு வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வீட்டில் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். மெழுகுக் காகிதத்தில் சுற்றியிருந்தது. கப் என்பது ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள சிறிய ரப்பர் கிண்ணம். அதன் விளிம்பில்தான் எல்லாமே இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தம் அந்த விளிம்பை விரித்து, சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கும். விளிம்பு வளைந்து கொடுத்தால்தான் அடைக்கும். நான் அதை நகத்தால் அழுத்தினேன். நகம் பதியவில்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

நான் அதைப் பார்த்தேன். இதுதான் இந்த வாக்குமூலத்தின் மையம். பார்த்தேன். பிறகு பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தேன். கப்பை ஆயிலில் தோய்த்து உள்ளே தள்ளினேன். டிரம்முக்குள், சிலிண்டருக்குள் இருக்கும் அந்தக் கப் உலகத்தில் எவர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. எந்தக் கண்காட்சியிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. உள்ளே இருப்பதும் ஒரிஜினல்தான் என்று எனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு சுகத்துக்காக மாட்டினேன்.

கார் எச்சரிக்காமல் இல்லை. சிக்னலில் பெடலை மிதித்தபடி நின்றால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்தது. ஊற்றினேன். மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினேன். மூடிய குழாயில் ஓடும் ஆயில் தானாகக் குறையாது என்று வேலை பழகும் பையன்களுக்கும் தெரியும். டிரம்மைக் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. பார்த்தால் மெக்கானிக் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் பார்க்கவில்லை.

அந்த நிலையில் அந்தக் காரை மலை ஏற்றினேன். பழைய கார் நண்பர்கள் சேர்ந்து ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். நான் இரண்டாம் கியரில் இறங்கியிருக்க வேண்டும். முன்னால் போன நண்பரின் வண்டியை விட்டுவிடக் கூடாது என்று மூன்றாம் கியரில் வந்தேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் மனைவி இருந்தாள். மெதுவாகப் போங்க என்றாள். இந்த வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றேன்.

அடிவாரத்துக்குச் சற்று மேலே ஒரு வளைவு. பெடலை மிதித்தேன். தரைவரை போய் முட்டியது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவதிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். எஞ்சின் அலறியது. அந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அந்த வேகத்தில் அதில் விழாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் மலைச்சுவர். சுவர்ப் பக்கம் திருப்பினேன். அங்கே ஒருவர் தன் மொபெட்டை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த பலாப்பழ மூட்டையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். ஹாரன் அடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. காருக்கும் சுவருக்கும் நடுவே மொபெட் நசுங்கியது. அதற்கும் காருக்கும் நடுவில் அவருடைய வலது கால்.

எனக்கும் மனைவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் கத்தவில்லை. "வண்டி, வண்டி" என்றுதான் சொன்னார். அவருடைய மொபெட்டைச் சொன்னார். கடன் வாங்கி எடுத்த வண்டி என்று பிறகு தெரிந்தது.

அடுத்து நான் செய்தது முதல் குற்றத்தைவிட மோசமானது. முன்னது பெருமையும் அலட்சியமும். இது முழுக்கப் பயம். விபத்து நடந்த வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். இடது பின்சக்கரத்தில் ஆயில் ஒழுகி டிரம் முழுக்க நனைந்திருந்தது. கடைசியாகப் பிரேக் வேலை எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் நானே செய்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வேலை போய்விடுமோ, சிறைக்குப் போக வேண்டுமோ, நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று அந்த நொடியில் எல்லாம் ஓடியது. பர்ஸிலிருந்து லைனிங் பில்லை எடுத்து நீட்டினேன். நான் பொய் எதுவும் பேசவில்லை. அந்தக் காகிதம் எனக்காகப் பொய் சொன்னது.

செய்தி கேள்விப்பட்டு மெக்கானிக் தானாகவே வண்டியைப் பார்க்க வந்தார். நண்பர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். கழற்றி வைத்திருந்த கப்பைக் கையில் எடுத்தார். விளிம்பு ஓரிடத்தில் பிளந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்லைங்க சார்."

என்னிடம்தான் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டால் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் ஒருவர். அப்போதும் நான் பேசவில்லை. மெக்கானிக் கப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதன் விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள். அவரிடம் பிரேக் வேலை கொடுக்காதே என்று பேச்சு பரவியது. பழைய கார்கள் ஒவ்வொன்றாக அவர் கடைக்கு வருவது நின்றது. கூட வேலை பார்த்த பையனை அனுப்பிவிட்டார். இப்போது பெரும்பாலும் ஆட்டோவும் லோடு வண்டியும் பார்க்கிறார்.

கால் முறிந்தவருக்கு எலும்பில் பிளேட் வைத்தார்கள். நடக்கிறார். சுமை தூக்க முடிவதில்லை. மலையில் பலாவும் கொய்யாவும் வாங்கி வந்து கீழே விற்ற தொழில் போய்விட்டது. அவர் மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார். இழப்பீட்டு வழக்கில், பிரேக் திடீரென்று போனது, வண்டியை முறையாகப் பராமரித்தேன் என்று என் தரப்பில் சொன்னோம். அப்படிச் சொல்கிறவன்தான் பராமரிப்பை நிரூபிக்க வேண்டும். அதற்கும் அதே பில்லைக் காட்டினேன். வழக்கு இழுத்தது. பணம் தாமதமாக வந்தது. அதுவரை அவர் கந்துவட்டியில் மருந்து வாங்கினார். உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வட்டி அவர் தலையில் விழுந்திருக்காது.

இப்போதுதான் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த வட்டிக் கணக்கைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். மன்னிப்பு கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மெக்கானிக்கிடமும் போனேன். கைவேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்சதுதான. அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நானாகத் துணிந்து எழுதவில்லை. அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டி பிரிக்காத பழைய ரப்பர் எதையும் பிரேக்கில் மாட்டாதீர்கள். கப், ஹோஸ், சீல் எதுவானாலும் காற்றும் காலமும் பட்டால் இறுகும். உங்கள் அலமாரியில் இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் சூடேறும் டிரம்முக்கு அது போதாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரிஜினல் என்ற பெயரை டேஷ்போர்டுக்கும் ஹப் கேப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் மனிதனுக்கு உங்கள் கார் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று, என் நண்பர்களுக்கு. அந்த மெக்கானிக் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் வேலையில் குறை இல்லை. முன்கூட்டியே எச்சரித்தவர் அவர். அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தியவர்கள் திரும்பப் போங்கள். என் மௌனத்தை நம்பி அவரைத் தவறாக நினைத்தோம் என்று அவரிடமே சொல்லுங்கள்.