கேள்வியும் பதிலும்

1643 மே மாதம், ஹேக் நகரில் நாடிழந்து வாழ்ந்த இளவரசி எலிஸபெத் டெகார்ட்டைக் கேட்டாள்: வெறும் சிந்தனையேயான ஆன்மா உடலை எப்படி அசைக்கும்? கனம் கல்லைக் கீழே கொண்டுபோவதுபோல என்றார் அவர். அவள் ஒப்பவில்லை. டெகார்ட்டின் கடிதங்கள் 1657-ல் அச்சேறின. தன் கடிதங்களை வெளியிட அவள் சம்மதிக்கவில்லை. அவை வெளிவந்தது 1879-ல். 220 வருஷங்களுக்கு மேல் தத்துவ உலகம் பதிலை மட்டும் படித்து வந்தது.

2007-ல் தத்துவப் பேராசிரியை லிஸா ஷபிரோ இருவர் கடிதங்களையும் ஆங்கிலத்தில் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். சேர்த்துப் படிக்கையில் அந்தக் கல் உவமை எனக்கு விளக்கமாகப் படவில்லை; சமாளிப்பாகவே படுகிறது. தத்துவ சரித்திர ஆராய்ச்சி செத்தவர்களுக்குச் செய்யும் திவசம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இல்லை. கேள்வியைத் தொலைத்துவிட்டுப் பதிலைப் போற்றும் நம் பழக்கத்துக்கு அதுதான் இடைஞ்சல்.